தீவகத்தின் முதல் வைத்தியர்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து மேற்கே செல்பவர், வேலணையையும் புங்குடுதீவையும் தரை வழியாகவே தாண்டிக் குறிகட்டுவான் துறையை அடையலாம். அங்கே தரை முடிந்துவிடுகிறது. எதிரே நயினாதீவு தெரிகிறது. சிறிது நேரப் படகுப் பயணம். நெடுந்தீவுக்குச் செல்ல ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அதுவும் கடல் இணங்கினால்தான். இலங்கையில் 2016ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 2018இல் வட மாகாணத்துக்கும் வந்த இலவச அம்புலன்ஸ் சேவையை நேயர்கள் அறிவார்கள். 1990 என்னும் தொலைபேசி எண்ணை அழைத்தால் வண்டி வீட்டு வாசலுக்கு வரும். ஆனால் குறிகட்டுவான் துறையோடு அதன் சக்கரங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் நோயாளிக்குத் துணையாவோர், அந்நேரத்தில் தீவிலேயே இருக்கும் சிலர்தாம். அச்சிலர் யார், அவர்கள் பெற்ற பயிற்சி எத்தகையது, அவர்களுக்கு எவ்வளவு அதிகாரம் அளிக்கப்பட்டிருக்கிறது என்பவற்றைப் பொறுத்தே அங்கே ஓர் உயிர் நிற்பதும் போவதும் அமைகின்றது.

நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். இன்று அங்கே வாழ்வோர் சுமார் நாலாயிரம் பேர். ஒல்லாந்தர் இத்தீவுகள் ஒவ்வொன்றுக்கும் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தனர். வேலணைக்கு லைடன், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்று. நெடுந்தீவு வைத்தியசாலைக்குப் பின்புறத்தில், பவளப்பாறைக் கற்களால் எழுப்பிய பழைய கோட்டையின் இடிபாடு இன்றும் நிற்கிறது. கோட்டைக்கு உரியவர்கள் வந்தார்கள், போனார்கள். வைத்தியர்களின் வரவும் போக்கும் அதனினும் விரைவானவை என்று தீவார் யாரேனும் சொன்னால் அதில் குற்றங் காண்பதற்கில்லை.

ஆனி மாதத்து இரவு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. முப்பத்துநான்கு வாரக் கர்ப்பிணி ஒருத்தியை வைத்தியசாலைக்கு அழைத்து வருகிறார்கள். காலையிலிருந்து தலைவலி, மாலையில் கண் மங்கல். இரத்த அழுத்தம் 160க்கு 110. சிறுநீரைச் சோதித்தால் புரதம் தென்படுகிறது. இது கர்ப்பகால நஞ்சு நிலை. அடுத்த சில மணி நேரத்துள் வலிப்புத் தோன்றலாம். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேற்று என்னும் மலிவான மருந்து உண்டு. 2002இல் பல நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடையே நடத்திய ஆராய்ச்சி, அம்மருந்து வலிப்பின் அபாயத்தைப் பாதியாகக் குறைப்பதைக் காட்டியது. மருந்து அலுமாரியில் இருக்கிறது. அதைச் செலுத்துபவர் மூச்சின் வேகத்தையும், முழங்கால் அனிச்சை அசைவையும், சிறுநீரின் அளவையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அதன்பின் படகு கேட்க வேண்டும். கடற்படையினரின் விரைவுப் படகே பெரும்பாலும் துணை. போதனா வைத்தியசாலைக்குச் சொல்லவேண்டும். புறப்படுவதா, விடியும்வரை பொறுப்பதா என்று யாரேனும் ஒருவர் தீர்மானிக்கவேண்டும். வைத்தியர் தீவில் இருந்தால் அவர் தீர்மானிப்பார். அவர் விடுமுறையில் இருந்தால்? பழையவர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் இன்னும் வந்து சேரவில்லையென்றால்?

இக்கேள்வி புதிதன்று. இதற்கு யாழ்ப்பாணத்தில் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விடை தேடினார். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர் 1847இல் இங்கு வந்து, அடுத்த ஆண்டே மாணாக்கர் சிலரைச் சேர்த்து மேல்நாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் மானிப்பாய் அவருடைய இடமாயிற்று. முதலில் ஆங்கிலத்திலேதான் பாடம் நடந்தது. படித்துத் தேறியவர்கள் என்ன செய்தார்கள்? ஆங்கிலமும் தொழிலும் கைவந்ததும் நல்ல சம்பளமுள்ள உத்தியோகங்களை நாடி வெளியூர் சென்றார்கள். கிராமம் பழையபடி வைத்தியரின்றிக் கிடந்தது. அதைக் கண்ட கிறீன், 1860களில் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். தமிழில் படித்தவன் தன் ஊரிலேயே தங்குவான் என்பது அவர் கணக்கு. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று அவர் வெளியிட்ட தமிழ் நூல்களைப் பற்றித் தமிழறிஞர் அதிகம் பேசியிருக்கின்றனர். கலைச்சொல்லாக்கத்தின் முன்னோடி என்று போற்றியிருக்கின்றனர். அப்புகழ் நியாயமானதே. ஆயினும் அவர் முதலாவதாகத் தீர்க்க முயன்றது மொழிப் பிரச்சினையன்று. பயிற்சி பெற்றவனை நோயாளியின் அருகிலேயே நிறுத்திவைப்பது எப்படி என்ற பிரச்சினையே. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிவிட்டு 1873இல் அவர் தாய்நாடு திரும்பினார்.

கொழும்பில் வைத்தியப் பள்ளி 1870இல் தோன்றியது. முழுப் படிப்பும் முடித்த வைத்தியர்கள் நகரங்களுக்கே போதவில்லை. ஆகவே குறுகிய காலப் பயிற்சி பெற்ற அப்போதிக்கரிகள் கிராமப்புற மருந்தகங்களுக்கு அனுப்பப்பட்டனர். 'அப்போதிக்கரி ஐயா' என்ற சொல்லைப் பழைய தலைமுறையினர் எத்துணை மரியாதையோடு உச்சரித்தார்கள் என்பது நினைவுள்ளோருக்குத் தெரியும். போத்தலை நாமே கொண்டுபோகவேண்டும். அதில் கலவை மருந்தை ஊற்றி, வேளைக்கு ஒரு பங்கென்று கடதாசியை வெட்டி ஒட்டிக் கொடுப்பார். காயத்துக்கு மருந்து கட்டுவார், பல்லைப் பிடுங்குவார், பிரசவம் சிக்கலானால் மருத்துவிச்சி அவரைத்தான் கூப்பிட்டு அனுப்புவாள். காலப்போக்கில் இவர்களின் பதவிப் பெயர் உதவி வைத்திய உத்தியோகத்தர் என்றும், சேவைக்காலமும் தேர்வும் நிறைவேறியபின் பதிவுபெற்ற வைத்திய உத்தியோகத்தர் என்றும் மாறியது. பெயர் மாறினும் வேலை மாறவில்லை. பட்டம் பெற்ற வைத்தியர் செல்லாத இடத்தில், சட்டம் அளித்த உரிமையோடு, ஒரு வைத்தியசாலையைப் பொறுப்பேற்று நடத்துவதே அவ்வேலை. யுத்த காலத்தில் வடபகுதியின் சிறு வைத்தியசாலைகள் பலவற்றின் கதவு பூட்டப்படாமல் இருந்ததற்கு இவர்களே காரணர். நாட்டின் பெரிய விருதுகள் எவையும் அவர்களைத் தேடி வந்ததாகத் தெரியவில்லை.

மற்றொரு தூண் மருத்துவிச்சி. களுத்துறையில் 1926ஆம் ஆண்டு முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. அம்முறை நாடெங்கும் பரவியபோது, பயிற்சி பெற்ற மருத்துவிச்சி வீடு வீடாகச் செல்லும் வழக்கமும் அதனோடு பரவியது. இன்று அவரைக் குடும்பநல மாது என்கிறோம். ஏறக்குறைய மூவாயிரம் மக்களுக்கு ஒருவர் என்பது திட்டம். எந்த வீட்டில் புதிதாக மணம் நடந்தது, எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள், எந்தக் குழந்தையின் நிறை ஏறவில்லை என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். 1940களின் நடுவில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010களில் அத்தொகை நாற்பதுக்குக் கீழே இருந்தது. இலவச வைத்தியம், பெண் கல்வி, மலேரியா ஒழிப்பு, இரத்த வங்கி எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் கர்ப்பிணியின் வாசற்படியில் முதலில் செருப்பைக் கழற்றியவர் மருத்துவிச்சியே.

அப்போதிக்கரிக்கு வாரிசு இல்லை என்பதுதான் இப்போதைய நிலை. உதவி வைத்திய உத்தியோகத்தர் பயிற்சி 1990களில் நிறுத்தப்பட்டது. பல்கலைக்கழகங்களிலிருந்து வைத்தியப் பட்டதாரிகள் போதிய அளவில் வெளிவரத் தொடங்கிவிட்டார்கள். இனிக் குறைந்த படிப்புள்ள ஒருவரிடம் கிராமத்தானை ஒப்படைப்பது நியாயமன்று என்பது அதற்குரிய வாதம். கேட்பதற்கு இது செம்மையான வாதமே. தீவான் மட்டும் ஏன் அரை வைத்தியத்தோடு அமையவேண்டும்? ஆனால், பட்டதாரிகளின் தொகை பெருகுவது வேறு. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவில் இறங்கி, அங்கே மூன்று நான்கு ஆண்டு இருப்பது வேறு. இளம் வைத்தியருக்கு மேற்படிப்புத் தேர்வு இருக்கிறது. மனைவிக்கோ கணவருக்கோ கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வேலை இருக்கிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அவரைக் குறை கூறுவது எளிது, நேர்மையன்று. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப்பின் நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டைவிட்டே சென்றனர். அத்தகைய காலத்தில் கடைசியாக நிரம்புவதும் முதலாவதாகக் காலியாவதும் தீவு வைத்தியசாலைகளின் நாற்காலிகளே.

இவ்விடத்தில் கடலுக்கு அப்பாலுள்ள வேறு தீவுகளின் கதையொன்று கேட்கத்தக்கது. ஸ்கொற்லாந்தின் வடமேற்கே சிறுசிறு தீவுகள் பல உண்டு. குளிரும் காற்றும் மிகுந்தவை, மக்கள் ஏழைகள். அங்கே வைத்தியர்கள் ஏன் தங்குவதில்லை என்று ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டு, 1912இல் அறிக்கை அளித்தது. வைத்தியருக்கு நிலையான வருவாய் இல்லை, குடியிருக்கத் தகுந்த வீடில்லை, படகுக்கூலி கட்டுபடியாகவில்லை, விடுமுறை எடுத்தால் பதிலுக்கு ஆளில்லை என்று அக்குழு கண்டது. மறு ஆண்டே அரசு ஒரு தனிச் சேவையை நிறுவி, குறைந்தபட்ச வருவாய்க்கு உறுதியளித்தது. வீடும் பயணச் செலவும் பதில் வைத்தியரும் தரப்பட்டன. அதனோடு தாதிமாரையும் தீவுகளில் குடியமர்த்தியது. தியாக உணர்ச்சியைப் பற்றி மேடையில் பேசுவதைவிட, ஒழுகாத கூரையொன்று வைத்தியரைத் தீவில் அதிகநாள் நிறுத்தும் என்பதை அக்குழுவினர் தெரிந்துகொண்டிருந்தனர்.

இதைக் கேள்வியுற்று 1924இல் அங்கே சென்று நேரில் பார்த்தவர் மேரி பிறெக்கின்றிட்ஜ் என்னும் அமெரிக்கத் தாதி. ஊர் திரும்பிய அவர், 1925இல் கென்ரக்கி மாநிலத்து மலைக்காட்டில் எல்லைப்புறத் தாதியர் சேவை என்பதைத் தொடங்கினார். பாதையில்லாத அம்மலைகளில் தாதிமார் குதிரையேறிச் சென்று பிரசவம் பார்த்தனர். நெடுந்தீவிலும் ஒல்லாந்தர் காலந்தொட்டுக் குதிரைகள் மேய்கின்றன. அவற்றின்மேல் ஏறி வைத்தியத்துக்குப் போனவர் எவருமில்லை என்பது வேறு. பிறெக்கின்றிட்ஜ் அம்மையார் செய்த முக்கியமான காரியம் குதிரை வாங்கியதன்று. நகரத்து வைத்தியர் குழுவொன்றிடம், எந்த நோய்க்கு எதைத் தாதி தானே செய்யலாம், எந்த நிலையில் வைத்தியரை அழைக்கவேண்டும் என்று எழுத்தில் வாங்கி, அதைத் தாதிமாரின் சேணப்பையில் வைத்தார். அவர்கள் பார்த்த முதல் ஆயிரம் பேறுகளை ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனியொன்றின் கணக்காளர் ஆராய்ந்தபோது, பேற்றின் நேரடிக் காரணத்தால் இறந்த தாய் ஒருத்தியேனும் இல்லை.

அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 1965இல், கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொறெற்றா போர்ட் என்னும் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை வைத்தியரும் சேர்ந்து, நோயை ஆராய்ந்து மருந்து தீர்மானிக்கும் மேற்பயிற்சியைத் தாதியர்க்கு அளிக்கத் தொடங்கினர். இன்று அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், அவ்வாறு பயின்ற தாதி ஒரு வைத்தியரின் மேற்கையெழுத்தின்றியே மருந்தெழுதலாம். தாமே ஒரு சிகிச்சை நிலையத்துக்குத் தலைமை தாங்கலாம். போர்ட் அம்மையார் தாம் தொடங்கிய வேலை உலகெங்கும் பரவுவதைக் கண்டு, 104 வயதில், 2025 சனவரியில் காலமானார். அமெரிக்கர் இதனைப் பெரும் புதுமையாகக் கொண்டாடுவர். அவர்கள் இதைத் தொடங்கிய காலத்தில் இலங்கையின் அப்போதிக்கரிகள் பல தலைமுறைகளாகக் கிராம மருந்தகங்களை நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

தாதி வைத்தியம் பார்ப்பது நோயாளிக்குப் பாதுகாப்பானதா என்ற ஐயம் இயல்பானது. 2018இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தகுந்த பயிற்சி பெற்ற தாதியர் ஆரம்ப வைத்தியத்தில் பெறும் பலன் வைத்தியர் பெறும் பலனுக்குச் சமமாகவோ சிலவற்றில் சற்று மேலாகவோ இருப்பதைக் கண்டது. தாதியர் நோயாளியோடு கூடுதலான நேரம் பேசுகின்றனர் என்பதும் அதில் உண்டு. ஆனால் அவ்வாய்வுகள் மிகப் பெரும்பாலும் செல்வ நாடுகளில் நடந்தவை. அங்கே தாதிக்கு ஐயம் வந்தால் அடுத்த அறையிலோ அடுத்த தெருவிலோ வைத்தியர் இருப்பார். நெடுந்தீவுத் தாதிக்கு அடுத்த தெருவில் இருப்பது கடல். ஆகவே அம்முடிவை அப்படியே இறக்குமதி செய்து, வைத்தியருக்குப் பதில் தாதியென்று ஒரு கட்டளை பிறப்பித்துவிட்டால், அது தீவாரை ஏமாற்றும் வழியாகவே முடியும்.

இலங்கையில் இன்று தாதிக்குத் தானாக மருந்தெழுதும் உரிமையில்லை. அதற்கென மேற்பயிற்சி பெற்ற தரமும் இல்லை. அப்போதிக்கரியின் இடம் வெறுமையாகவும், தாதியின் கை கட்டப்பட்டும் இருக்கின்றன. நடைமுறையில் என்ன நிகழ்கிறது? அனுபவமுள்ள தாதி செய்யவேண்டியதைத் தொலைபேசியில் கேட்டுச் செய்கிறார். தொடர்பு கிடைக்காதபோது தம் மனச்சாட்சியைக் கேட்டுச் செய்கிறார். நன்றாக முடிந்தால் எவரும் விசாரிப்பதில்லை. தீங்காக முடிந்தால், யார் சொல்லிச் செய்தாய் என்ற கேள்வி அவரை நோக்கியே வரும். அறிவு இருந்தும் அதிகாரம் இல்லாத ஒருவரை அத்தகைய இரவில் தனியே விட்டு வைப்பது அவருக்கும் நீதியன்று, நோயாளிக்கும் நன்மையன்று.

செய்யக்கூடியது தெளிவாகவே இருக்கிறது. தீவின் வைத்தியசாலைக்கு வைத்தியரே தலைவராக இருக்கட்டும். அவர் தீவில் இல்லாத நாட்களுக்கு, நீரிழிவு, இரத்த அழுத்தம், தொய்வு, பேறுகால அவசரம், குழந்தைக் காய்ச்சல் ஆகியவற்றில் மேற்பயிற்சி பெற்ற தாதி ஒருவருக்குச் சட்டமூலம் பொறுப்பு அளிக்கப்படவேண்டும். எந்த மருந்தை எந்த அளவுக்குத் தரலாம் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ, அவரது அழைப்புக்கு எந்நேரமும் விடை சொல்லக் கடமைப்பட்ட ஒரு வைத்தியரின் பெயர் குறிக்கப்படவேண்டும். பெயர் இல்லாத பொறுப்பு இரவில் தொலைபேசியை எடுப்பதில்லை. ஒரு பெரிய வைத்தியசாலையோடு அதைச் சூழ்ந்த சிறிய நிலையங்களை இணைத்து நடத்தும் முறையை நாட்டின் சுகாதாரத் துறை அண்மைய ஆண்டுகளில் வகுத்து வருகிறது. அவ்விணைப்பு தரையிலுள்ள ஊர்களுக்கு வசதி. தீவுகளுக்கோ அதுவே உயிர்நாடி.

நயினாதீவில் இதே பிரச்சினை வேறு வடிவில் வருகிறது. அது கரைக்கு அண்மையில் இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதியில் கவலை குறைவு. நாகபூசணி அம்மன் கோயில் மகோற்சவ நாட்களிலும் வெசாக் காலத்திலும், மூவாயிரத்துக்குக் குறைந்தோர் வாழும் அச்சிறு தீவில் பல்லாயிரவர் வந்து இறங்குகின்றனர். வெயிலில் மயங்கும் முதியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் யாத்திரிகர், வயிற்றோட்டத்தால் சோரும் குழந்தை என்று ஒரே நாளில் ஓர் ஆண்டு வேலை வந்துவிடும். அந்நாட்களுக்கு மேலதிக வைத்தியர்களை அனுப்புவது வழக்கம். எனினும் மருந்து எங்கே இருக்கிறது, எந்தப் படகுக்காரர் உடனே வருவார் என்பதை அறிந்திருப்பவர் உள்ளூர்த் தாதியே.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பகுதிகளின் முகமும் மாறிவிட்டது. 1990ஆம் ஆண்டையொட்டிய யுத்த நிகழ்ச்சிகளில் அங்குள்ளோரில் மிகப் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பலர் வெளிநாடுகளிலேயே தங்கிவிட்டனர். பெரிய கல்வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருக்கும் வீடுகள் பலவற்றில் முதியோர் தனித்து வாழ்கின்றனர். அவர்களுக்கு வேண்டியது சத்திர சிகிச்சை நிபுணரல்லர். மாதந்தோறும் இரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, காலில் புண் இருக்கிறதா என்று குனிந்து நோக்கி, குளிசையை உண்மையில் விழுங்குகிறாரா என்று கேட்கும் ஒருவரே. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே 'பாதை'யில் ஏறி இறங்கிக் கிளினிக்குக்கு வரும் எழுபது வயதுக் கிழவிக்கு, அவ்வொருவர் வைத்தியரா தாதியா என்பது பெரிதன்று. போன மாதம் பார்த்த அதே முகம் இந்த மாதமும் இருந்தால் அவளுக்குப் பாதி நோய் தீர்ந்த மாதிரி.

அந்த முகம் தீவிலேயே பிறந்த முகமாக இருந்தால் இன்னும் நலம். தீவகப் பள்ளிகளில் படித்த பெண்பிள்ளைகள் தாதியர் பயிற்சிக்குச் செல்லவும், திரும்பி வந்தால் குடியிருக்க வீடும் பதவி உயர்வும் கிடைக்கவும் வழி செய்தால், கிறீன் அன்று போட்ட கணக்கு இன்றும் பொய்க்காது.

வைகாசி பிறந்தால் சோளகம் எழத் தொடங்கும். பேறுகாலம் நெருங்குமுன் கரை கடந்து, யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பதே நெடுந்தீவுப் பெண்களின் வழக்கம். எல்லோருக்கும் அத்தகைய உறவு இருப்பதில்லை. ஆகவே சித்திரையிலேயே குடும்பநல மாது தம் பதிவேட்டைத் திறந்து, ஆனி ஆடியில் பிள்ளை பெறப் போகிறவர்கள் எவரெவர், அவருள் கரையில் தங்க இடமுள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பார்க்கவேண்டியிருக்கிறது. இல்லாதவர்களின் வீட்டுக்கு அவர் முதலில் போகிறார்.